நூறு டிகிரி காய்ச்சல்: வீட்டில் கலர் பிலிம் கழுவிய ஒரு சுழல் எந்திரத்தின் கதை

பின்னணி

பிலிமை டெவலப் செய்வதைப் பழைய ஸ்டுடியோக்காரர்கள் 'கழுவுவது' என்பார்கள். இந்தக் குறிப்பிலும் அதே பொருளில்தான் எழுதுகிறேன். வெறும் தண்ணீரில் சுத்தம் செய்வதை 'அலசுவது' என்று தனியாகச் சொல்லிவிடுகிறேன், குழப்பம் வராது.

நடந்தது சென்னையில், ஓர் அடுக்குமாடி வீட்டின் இரண்டாவது தளத்தில். எந்திரத்தின் உரிமையாளர் ஒரு பள்ளி ஆசிரியை, வயது முப்பதைத் தாண்டியவர். நான்கு வருடமாகப் பிலிமில் படம் எடுக்கிறார். நான் அவருடைய நண்பன். நோட்டில் குறிப்பு எழுதுவது என் வேலை. பிற்பாதியில் வருகிறவர் ஒரு கலர் லேபில் இருபது வருடத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூவருடைய பெயரும் இங்கே வேண்டியதில்லை.

எந்திரம் 1990-களில் செய்தது, கை மாறி வந்தது. ஆழமில்லாத ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் வெந்நீர். ஒரு முனையில் ஹீட்டர், அதன் பக்கத்திலேயே தெர்மோஸ்டாட், தண்ணீரைச் சுற்றிவிட ஒரு சின்ன பம்பு. நடுவில் மருந்து (பிலிம் கழுவும் ரசாயனக் கரைசல்) பாட்டில்கள் நிற்பதற்குக் குழிகள். மறுமுனையில் உருளைகள், பிலிம் டேங்க் (பிலிமை உள்ளே வைத்துக் கழுவும், ஒளி புகாத மூடிய டப்பா) அவற்றின் மேல் படுத்தபடி, பாதி தண்ணீரில் முழுகிச் சுழலும். மோட்டார் சில விநாடிக்கு ஒருமுறை திசையை மாற்றும். ஒரே திசையில் சுழன்றால் மருந்து ஒரே தடத்தில் ஓடிக் கோடு விழும், அதற்காக. பக்கத்தில் ஒரு நெம்புகோல் உண்டு. அதைத் தூக்கினால் டேங்க் சாய்ந்து மருந்து குழாய் வழியே வடிந்துவிடும். இந்த வகை எந்திரங்களைப் பரவலாக்கியது ஜெர்மனியில் கும்மர்ஸ்பாக் ஊரைச் சேர்ந்த ஜோபோ. 1923-ல் யோஹான்னஸ் பொக்கெம்யூல் தொடங்கிய நிறுவனம். அவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததுதான் அந்தப் பெயர். எங்கள் கதையில் எந்திரத்தை யார் செய்தார்கள் என்பது முக்கியமில்லை. கோளாறு எங்கள் தண்ணீரிலும் எங்கள் பழக்கத்திலும்தான் இருந்தது.

இதை ஏன் வாங்கினார் என்றால், மருந்து மிச்சம். 35 மி.மீ. ரோல் இரண்டு பிடிக்கும் ஒரு டேங்கை (அவரிடம் இருந்தது 1520 என்ற எண் கொண்டது) நிமிர்த்தி வைத்துக் கையால் கவிழ்த்துக் கழுவினால் 485 மில்லி மருந்து வேண்டும். படுக்க வைத்துச் சுழற்றினால் 240 போதும். இன்னொரு காரணம் வெப்பம். கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 முறையைக் கோடாக் 1972-ல் கொண்டுவந்தது. அதில் டெவலப்பர் (பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் முதல் மருந்து) 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி இருக்க வேண்டும். அனுமதிக்கப்படும் பிசகு கூடவோ குறையவோ 0.15 டிகிரிதான். அதன்பின் வெள்ளியை நீக்கிப் படத்தை நிலைநிறுத்தும் பிளீச்சும் பிக்ஸரும் இவ்வளவு கறார் இல்லை, 24 முதல் 41 வரை எங்கிருந்தாலும் வேலை நடக்கும். ஆகவே எல்லாச் சிக்கலும் அந்த மூணேகால் நிமிடத்துக்குள்தான்.

37.8 செல்சியஸ் என்பது சரியாக 100 ஃபாரன்ஹீட். நம் வீடுகளில் 'நூறு டிகிரி காய்ச்சல்' என்கிறோமே, அதே சூடு. இது பின்னால் பயன்பட்டது.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை

பிப்ரவரியில் எந்திரம் வந்தது. மார்ச் முதல் ஆகஸ்ட் முடிய 31 ரோல்கள். படுக்கையறை மேசை மேல் எந்திரம், பக்கத்தில் பக்கெட். நோட்டில் ரோல் எண், பிலிம் வகை, கிட் (மருந்துகள் சேர்ந்து வரும் பெட்டி) எண், நேரம், டயல் காட்டிய வெப்பம் என்று ஐந்து கட்டங்கள் போட்டிருந்தோம். டயல் கட்டத்தில் எல்லா நாளும் 38. ஒரு கட்டத்தில் ஒரே எண் தொடர்ந்து வந்தால் அந்தக் கட்டம் எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். அப்போது அது எங்களுக்கு உறைக்கவில்லை.

படங்கள் நன்றாக வந்தன. வெயில் காலத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே 34, 35 டிகிரியில் குழாயில் வந்தது. எந்திரத்துக்குப் பெரிய வேலையில்லை. (கறுப்பு வெள்ளைக்கு நிலைமை நேர்மாறு. எந்திரம் சூடுதான் செய்யும், குளிர்விக்காது. மே மாதம் 20 டிகிரி வேண்டுமென்றால் ஐஸ் கட்டியை நம்பத்தான் வேண்டும். அதை அவர் இரண்டு முறை முயன்றுவிட்டு விட்டுவிட்டார்.)

தொட்டிக்கு ஊற்றியது போர் தண்ணீர். வேலை முடிந்ததும் அதைக் கொட்டவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் வேண்டும்தானே என்று அப்படியே விட்டார். ஆவியாகிக் குறைந்தால் மேலே ஊற்றிக்கொண்டார். ஒரு தடவை மூன்று வாரம் இடைவெளி விழுந்து, மூடியைத் திறந்தால் கொசுப்புழு. மாநகராட்சிக்காரர்கள் பார்த்திருந்தால் அபராதம் போட்டிருப்பார்கள். அன்றைக்கு மட்டும் தொட்டியைத் தேய்த்து அலசினார். தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை இருவரும் பார்த்தோம். கெட்டிலில் படியும் அதே உப்புப் படிவம் என்று பேசிக்கொண்டோம், அவ்வளவுதான்.

செப்டம்பரில் இடமாற்றம்

வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது என்று ஆசிரியையின் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது நியாயம்தான். செப்டம்பர் இரண்டாவது வாரம் எந்திரம் சமையலறைக்குப் பின்னால் உள்ள சர்வீஸ் ஏரியாவுக்குப் போனது. வாஷிங் மெஷின் பக்கத்தில், தரையில் ஒரு தாழ்வான ஸ்டாண்ட் போட்டு வைத்தோம். கம்பிக் கதவு, காற்றோட்டம், கீழே தண்ணீர் போக வழி. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்தோம்.

அதே வாரத்தில் பழைய கிட் தீர்ந்து புதிய கிட்டும் திறக்கப்பட்டது. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம். நோட்டில் கிட் மாறியதை எழுதினேன். இடம் மாறியதை எழுதவில்லை, அதற்குக் கட்டம் இல்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: என்ன பார்த்தோம்

அக்டோபர் கடைசியில், மழை தொடங்கியபின் கழுவிய இரண்டு ரோல்களில் முதல் சந்தேகம் வந்தது. நெகட்டிவ் கொஞ்சம் மெலிந்திருந்தது. ஸ்கேன் செய்தபோது வெளிச்சமான இடங்களில் நீலப்பச்சைச் சாயல், நிழலில் சிவப்பு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெட்டது. கூடவே ஒரு ரோலில் மட்டும், பிலிமின் ஒரு ஓரம் நெடுகப் பட்டை போல வெளிறியிருந்தது. டேங்கில் இரண்டு ரீல் (பிலிமைச் சுற்றி வைக்கும் சக்கரம்) போட்டால் ஒன்றில் பட்டை வரும், மற்றதில் வராது.

நாங்கள் முதலில் குற்றம் சாட்டியது மருந்தை. இதற்கு நானே காரணம். "கூரியர்ல வெயில்ல கெடந்திருக்கும், வேற கிட் வாங்கு" என்று சொன்னவன் நான். இரண்டாவது கிட் வந்தது. அடுத்து, கலக்கும் தண்ணீரைச் சந்தேகித்துக் கேன் தண்ணீருக்கு மாறினார். பலனில்லை. டெவலப்பரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான் காரணமோ என்று பார்த்தோம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. சுழலும் டேங்குக்குள் மருந்து மெல்லிய படலமாகப் பரவி எப்போதும் காற்றோடு உரசிக்கொண்டே இருக்கிறது. டெவலப்பருக்குக் காற்று எமன், சீக்கிரம் பழுத்துவிடும். பிளீச்சுக்கு அதே காற்று சாப்பாடு. அதனால் சுழல் எந்திரக்காரர்கள் பலர் டெவலப்பரை ஒரு தடவையோடு கொட்டிவிட்டு, பிளீச்சையும் பிக்ஸரையும் மட்டும் திரும்பப் பயன்படுத்துவார்கள். அவரும் அப்படி மாற்றினார். ரோலுக்கு ரோல் இருந்த வித்தியாசம் கொஞ்சம் குறைந்தது. சாயல் போகவில்லை.

பிறகு அவர் நேரத்தைக் கூட்டினார், 3:15-லிருந்து 3:45. நெகட்டிவ் அடர்த்தியாகிவிட்டது. "பாத்தியா, டெவலப்பர்தான் வீக்" என்று எனக்குப் படம் அனுப்பினார். அந்த அரை நிமிடம் எங்களை ஒன்றரை மாதம் ஏமாற்றியது. கலர் பிலிமில் மூன்று அடுக்கு. நீல ஒளியை வாங்குவது மேலே, பச்சை நடுவில், சிவப்பு அடியில். டெவலப்பர் மேலிருந்து ஊறிக் கீழே போக வேண்டும். சூடு குறைந்தால் அடி அடுக்குதான் அதிகம் பின்தங்கும். நேரத்தைக் கூட்டினால் மொத்த அடர்த்தி ஏறும், ஆனால் மூன்று அடுக்கும் ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை. வெளிச்சத்தில் ஒரு சாயல், நிழலில் வேறொரு சாயல் என்பது அதன் கையெழுத்து. எந்த ஃபில்டரும் அதை முழுசாகச் சரிசெய்யாது.

நவம்பரில் ஆசிரியையின் தாத்தாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம். மூன்று ரோல் எடுத்தார். டிஜிட்டலில் மற்றவர்கள் எடுக்கிறார்களே என்று அவர் பிலிமோடு மட்டும் போயிருந்தார். அந்த மூன்று ரோலையும் இந்த எந்திரத்தில், 3:45 என்ற நேரத்தில், சர்வீஸ் ஏரியாவில் கழுவினார். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை. மூன்றிலும் சாயல், இரண்டு ரீல் போட்ட டேங்கில் ஒரு ரோலுக்குப் பட்டை. தலையில் கலசநீர் ஊற்றும்போது தாத்தாவின் வெள்ளை வேட்டி பாசி பிடித்ததுபோல் இருந்தது.

டிசம்பரில் மூன்றாவது கிட் வாங்கினார். அதுவும் அப்படியே. அதற்குப் பிறகு எந்திரத்தைத் துணி போட்டு மூடிவிட்டார்.

ஜனவரி: ஆபரேட்டர் வந்த நாள்

ஒரு நண்பர் மூலம் ஓய்வுபெற்ற ஆபரேட்டரைக் கூப்பிட்டோம். அவர் எந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் எல்லா நெகட்டிவையும் கேட்டார். ஸ்கேன்களைத் தொடவே இல்லை. ஜன்னலுக்கு நேராக ஒவ்வொரு துண்டாகப் பிடித்து, படத்தைப் பார்க்காமல் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் மட்டும் பார்த்துக்கொண்டு போனார். அந்த எழுத்துகள் தொழிற்சாலையிலேயே பதிந்தவை. கேமராவோ நம் கணிப்போ அவற்றைத் தொடுவதில்லை. அவை மெலிந்திருந்தால் குறை கழுவியதில்தான் இருக்கும்.

மார்ச், ஏப்ரல் ரோல்களில் எழுத்து கறுகறுவென்று இருந்தது. ஜூலையில் லேசாக மங்கத் தொடங்கியிருந்தது. நன்றாக வந்ததாக நாங்கள் நினைத்திருந்த ஆகஸ்ட் ரோல்களிலும் மங்கல்தான். அதாவது இடம் மாறுவதற்கு முன்பே, பழைய கிட் இருந்தபோதே ஆரம்பித்துவிட்டது.

"டெம்பரேச்சர் எங்கம்மா வச்சுப் பாத்தீங்க?"

"டயல்ல 38 காட்டுது சார்."

"அது டயலோட டெம்பரேச்சர். பிலிமுக்கு என்ன?"

பதில் இல்லை. ஒரு வருடமாக டேங்குக்குள் இருக்கும் மருந்தை யாரும் அளந்ததில்லை.

வீட்டில் இருந்த மருத்துவத் தெர்மாமீட்டரை அவர் கேட்டார். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் 37, 38 டிகிரியைச் சுற்றித்தான் நுட்பமாக அளக்கச் செய்யப்பட்டது. பிசகு பத்தில் ஒரு டிகிரி அளவுதான். சி-41-க்கு இதைவிட மலிவான நல்ல கருவி கிடையாது என்றார். லேபிலும் பெரிய கருவியைச் சரிபார்க்க இதைத்தான் வைத்துப் பார்ப்பார்களாம்.

டயலை 38-ல் வைத்து ஒரு மணி நேரம் விட்டோம். அன்று காலை சர்வீஸ் ஏரியாவில் 25 டிகிரி. ஹீட்டர் பக்கத்தில் 38.2. பாட்டில் வரிசையில் 37.1. உருளைப் பக்கத்தில் 34.9. காலி டேங்கை ஐந்து நிமிடம் சுழலவிட்டு, 38-ல் இருந்த 240 மில்லி தண்ணீரை ஊற்றி, மூணேகால் நிமிடம் கழித்து வடித்து அளந்தோம். 35.7.

அதன்பின் அவர் துணி துவைக்கும் சொட்டு நீலம் கேட்டார். ஹீட்டர் முனையில் இரண்டு சொட்டு விட்டார். பம்பு ஓடினால் நீலம் சில விநாடியில் தொட்டி முழுக்கப் பரவ வேண்டும். விட்ட இடத்திலேயே மேகம் போல நின்றது. பம்பு முனகிக்கொண்டிருந்தது, தண்ணீரைத் தள்ளவில்லை. அந்த முனகலைத்தான் இத்தனை மாதம் 'ஓடுகிறது' என்று எடுத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது கோடைப் புதிர் விளங்கியது. பம்பு நின்றுவிட்டால் ஹீட்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் மட்டும் சீக்கிரம் சூடாகும். தெர்மோஸ்டாட் அதன் பக்கத்திலேயே இருப்பதால் 'போதும்' என்று ஹீட்டரை அணைத்துவிடும். நடுவில் பாட்டில் வரிசை அணை போல நிற்கிறது. மறுமுனை அறையின் சூட்டை ஒட்டியே இருக்கும். ஜூலையில் அறையே 33 டிகிரி என்பதால் இழப்பு தெரியவில்லை. மழைக்காலத்தில், அதுவும் காற்று வீசும் சர்வீஸ் ஏரியாவில், அது இரண்டு டிகிரியாகிவிட்டது. நாங்கள் கிட் மாறியதோடு முடிச்சுப் போட்டோம். உண்மையில் மாறியது பருவமும் இடமும்.

பட்டைக்கு என்ன காரணம் என்று கேட்டபோது அவர் சிரித்துவிட்டு, பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வரச் சொன்னார். எந்திரத்தின் மேல் வைத்ததும் குமிழி ஓரத்துக்கு ஓடிவிட்டது. சர்வீஸ் ஏரியாவின் தரை, தண்ணீர் வடியச் சரிவாகத்தானே போட்டிருப்பார்கள். எந்திரத்தின் நீளத்துக்கு ஒரு முனை ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. 240 மில்லி என்பது அந்த டேங்குக்குக் குறைந்தபட்ச அளவு. டேங்க் சாய்ந்தால் மருந்து அடிப்பக்கம் ஒதுங்கும், மூடிப்பக்க ரீலின் வெளி ஓரம் பாதி நேரம் வறண்டிருக்கும். பட்டை வந்த ரோல் எல்லாமே மூடிப்பக்கம் இருந்தவைதாம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ரீலின் இடத்தையும் நோட்டில் எழுதவில்லை.

சோதனை: ஒரே ரோல், மூன்று துண்டு

காரணம் தெரிந்துவிட்டது என்று உடனே எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றேன். ஆபரேட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாத்தையும் மாத்திட்டா எது கெட்டுச்சுன்னு திரும்பவும் தெரியாது" என்றார்.

மொட்டை மாடிக் கொடியில் காய்ந்த ஒரு வெள்ளை வேட்டியையும், பக்கத்தில் சாயல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாம்பல் நிற அட்டையையும் ஒரே வெயிலில், ஒரே அளவில், ஒரு ரோல் முழுக்க எடுத்தார் ஆசிரியை. இருட்டுப் பைக்குள் கையால் மூன்றாக வெட்டினார். மருந்து மூன்றுக்கும் டிசம்பரில் வாங்கிய, 'கெட்டது' என்று ஒதுக்கிய அதே கிட். நேரம் மூன்றுக்கும் 3:15. ஒவ்வொரு துண்டையும் மூடிப்பக்க ரீலில் சுற்றி, அடிப்பக்கம் காலி ரீல் போட்டார்.

முதல் துண்டு, எந்திரம் இருந்தபடியே. சாயலும் இருந்தது, பட்டையும் இருந்தது. இரண்டாவது, எந்திரத்தின் கீழ் அட்டை செருகி ரசமட்டத்தில் நேராக்கியபின். பட்டை போய்விட்டது, சாயல் அப்படியே. மூன்றாவது, நேராக்கியதோடு உருளைப் பக்கத்தில் வெந்நீரைக் கோரி ஊற்றி, தெர்மாமீட்டரில் 37.8 என்று பார்த்துக்கொண்டு. வேட்டி வெள்ளையாக வந்தது.

மூன்று கிட்டிலும் கோளாறு எதுவும் இருந்திருக்காது.

பழுது பார்த்ததும், அதில் வந்த புதிய பழுதும்

பம்பைக் கழற்றியபோது உள்ளே சுழலும் சின்ன விசிறி உப்புப் படிவத்தாலும் பாசியாலும் இறுகியிருந்தது. ஹீட்டர் குழாயின் மேல் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் தடிப்பில் வெள்ளை ஓடு. பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். உலோகத்தையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பதால் அதைத் தொடவில்லை. மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து ஓர் இரவு ஊறவிட்டோம். காலையில் ஓடு தானாக உதிர்ந்தது. பம்பும் ஓடியது, சொட்டு நீலம் பத்து விநாடியில் தொட்டி முழுக்கப் பரவியது.

மறுநாள் தண்ணீர் ஊற்றி ஹீட்டரைப் போட்டதும் வீட்டில் மொத்தக் கரண்டும் போனது. மெயின் போர்டில் உள்ள 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருந்தது. மீண்டும் போட்டால் மீண்டும் விழுந்தது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். ஹீட்டரின் உலோக உறையில் ஊசிமுனை அளவுக்கு அரிப்பு. இத்தனை நாள் அந்த உப்பு ஓடே அதை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அதை நாங்கள் சுத்தமாக எடுத்துவிட்டோம். அந்தத் தண்ணீரில் ஆசிரியை எத்தனை தடவை கை விட்டுப் பாட்டிலை எடுத்திருப்பார் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஆர்.சி.சி.பி. இல்லாத பழைய வீட்டில் இது வேறு விதமாக முடிந்திருக்கும்.

மூன்று வழி இருந்தது. அதே ஹீட்டரை வெளிநாட்டிலிருந்து தேடி வாங்குவது. எப்போது வரும், வந்தால் எவ்வளவு பழையது என்று தெரியாது. இரண்டாவது, கீசர் பழுது பார்ப்பவர் 'நம்ம காயில் ஒண்ணு போட்டுடலாம்' என்றது. கீசர் காயிலின் வேகத்துக்கு இந்தப் பிளாஸ்டிக் தொட்டி தாங்காது என்று மறுத்தோம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். ஹீட்டருக்கும் பம்புக்கும் போகும் கம்பிகளை எலக்ட்ரீஷியனை வைத்தே துண்டித்துவிட்டு, சுழற்றும் மோட்டாரையும் நெம்புகோலையும் மட்டும் வைத்துக்கொள்வது. சூட்டுக்குத் தனி ஏற்பாடு.

அந்த ஏற்பாடு: இறைச்சியைப் பையில் போட்டு நிதானமான வெந்நீரில் வேகவைக்க விற்கும் சூ-வீ என்ற கோல். அதிலேயே ஹீட்டர், விசிறி, பத்தில் ஒரு டிகிரி காட்டும் திரை எல்லாம் உண்டு. வீட்டில் பிலிம் கழுவுகிற பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே சிக்கல், அது நிற்க ஆழமான தண்ணீர் வேண்டும், எங்கள் தொட்டி ஆழமில்லாதது. ஆகவே துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் தண்ணீர் நிரப்பிக் கோலை அதில் நிறுத்தினோம். மருந்து பாட்டில்களும் அங்கேயே. மீன் தொட்டி மோட்டார் ஒன்று அந்தத் தண்ணீரை எந்திரத்தின் உருளைப் பக்கத்துக்கு ஏற்றும்; நிரம்பி வழிவது குழாய் வழியே டப்பாவுக்கே திரும்பும். டப்பாவுக்கும் உருளைக்கும் இடையே 0.4 டிகிரி குறைகிறது, அதனால் கோலை 38.3-ல் வைக்கிறோம். பார்க்க அழகாக இருக்காது. ஆசிரியையின் அம்மா இதை 'ஐசியூ' என்கிறார்.

எந்திரம் படுக்கையறைக்கே திரும்பியது. வாசனைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்.

பின்விளைவு

பிப்ரவரி கடைசியிலிருந்து இதுவரை 12 ரோல்கள். டேங்கிலிருந்து வடித்த டெவலப்பரை ஒவ்வொரு தடவையும் அளக்கிறோம். 37.6-க்குக் கீழே ஒரு தடவையும் போகவில்லை, 37.9-க்கு மேலேயும் இல்லை. கோடாக் சொன்ன 0.15-க்குள் எல்லா நாளும் இருக்கிறோம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஓர எழுத்து மார்ச் ரோல்களைப் போலக் கறுப்பாக இருக்கிறது. நேரம் 3:15-க்கே திரும்பிவிட்டது.

சதாபிஷேக ரோல்களை மீட்க முடியவில்லை. கெட்டது நெகட்டிவிலேயே பதிந்துவிட்டது. ஆபரேட்டர் ஒரு முழு மதியம் ஸ்கேனில் உட்கார்ந்து பார்த்தார்; வேட்டி வெளுத்தால் முகம் செம்பாகியது. கடைசியில் கறுப்பு வெள்ளையாக்கி ஒரு படத்தை மட்டும் பெரிதாகப் போட்டார்கள். தாத்தாவுக்கு அது பிடித்துவிட்டது, அவருடைய கல்யாணப் படம் போல இருக்கிறதாம். ஆசிரியைக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மாற்றிக்கொண்டவை

நோட்டின் கட்டங்கள் மாறின. டயல் கட்டத்தை அடித்துவிட்டு, அறை வெப்பம், டேங்கிலிருந்து வடித்த மருந்தின் வெப்பம், எந்திரம் இருக்கும் இடம், ரீல் மூடிப்பக்கமா அடிப்பக்கமா என்று நான்கு கட்டம் சேர்த்தோம். முன்பே அறை வெப்பத்தை எழுதியிருந்தால் நவம்பருக்குள் கண்டுபிடித்திருக்கலாம் என்று நினைக்கிறேன். கிட் மாறினால் முதலில் கழுவுவது சோதனை ரோல்தான், விசேஷ ரோல் இல்லை. இதை ஆசிரியை யாருடைய அறிவுரையும் இல்லாமல் தானாகவே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

தொட்டியிலும் டப்பாவிலும் இப்போது ஆர்.ஓ. தண்ணீர். வேலை முடிந்த அன்றே கொட்டி, துடைத்து, கவிழ்த்து வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை லெமன் சால்ட். ரசமட்டம் ஒன்று சொந்தமாக வாங்கி எந்திரத்தின் மேலேயே ஒட்டியாகிவிட்டது. சொட்டு நீலச் சோதனையும் மாதத்துக்கு ஒரு தடவை.

இவற்றோடு சேராத ஒன்று: ஸ்டெபிலைசரை (கடைசியாகப் பிலிமைப் பாதுகாக்கப் போடும் மருந்து) டேங்குக்குள் ஊற்றுவதை நிறுத்தினோம். அது ரீலின் பள்ளங்களில் காய்ந்து பிசுபிசுப்பாகி, அடுத்த தடவை பிலிம் சுற்றும்போது நடுவழியில் சிக்குகிறது. சென்னைப் புழுக்கத்தில், இருட்டுப் பைக்குள் வியர்த்த கையோடு சிக்கிய பிலிமைப் பிரிப்பது தனி நரகம். இப்போது பிலிமை ரீலிலிருந்து எடுத்து ஒரு கிண்ணத்தில் தனியாக முக்குகிறார்.

செய்ய நினைத்துச் செய்யாதது, மீன் தொட்டி மோட்டாருக்கு ஒரு மாற்று வாங்கி வைப்பது. அது நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று ஆபரேட்டர் ஏப்ரல் தொடக்கத்தில் வந்தபோது கேட்டார்.

"தெர்மாமீட்டர் பாத்துச் சொல்லிடும் சார்."

"வடிச்சப்புறம்தானேம்மா பாப்பீங்க? அதுக்குள்ள ரோல் போயிருக்கும்."

அன்றிலிருந்து டெவலப்பர் ஊற்றுவதற்கு முன்பாகவும் ஒரு தடவை உருளைப் பக்கத் தண்ணீரை அளக்கிறார்கள். நோட்டில் அதற்கும் ஒரு கட்டம் போட்டாயிற்று. கடைசியாக நான் எழுதிய வரி: ஏப்ரல் 6, அறை 33, உருளைப் பக்கம் 37.9, வடித்தது 37.8, இரண்டு ரோல், மூடிப்பக்கம் தாத்தா.